கடலைச் சட்டியில் பிடோக் மணல்

நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, அடக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் ஒத்துக்கொண்டதில்லை. ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள், நான் ஓய்வு பெற்ற பிறகும் என் முதுகுக்குப் பின்னால் உலவிக்கொண்டிருக்கும் 'கடலை அங்கிள்' என்ற பட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது எப்படி வந்தது என்று வேறு யாரையாவது கேட்டால் அவர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அதனால் நானே முந்திக்கொள்கிறேன்.

ஒரு மாணவியின் முனைவர் பட்டமே நம்பியிருந்த மணலை, பல லட்சம் வருஷம் பூமிக்கடியில் வெயில் படாமல் கிடந்த மணலை, ஒரு தட்டு பிரியாணிக்காகத் தேக்கா சந்தையில் விட்டுவிட்டு வந்தவன் நான். விட்டுவிட்டு வந்தோம் என்பதுகூடத் தெரியாமல் வெள்ளிக்கிழமை இரவு நன்றாகத் தூங்கினேன். சனிக்கிழமையும் தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு உபரியாகக் கொஞ்சம் தூங்கினேன்.

நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காக ஒரு நிமிஷம். நம் தொழிலை நான் எல்லாருக்கும் கல்யாணச் சாப்பாட்டை வைத்துத்தான் விளக்குவேன். வேறு உதாரணம் எனக்குத் தெரியாது. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கல்யாண பஃபே. மேசையில் மட்டனும் சோறும். தீரத் தீரச் சமையலறையிலிருந்து கொண்டுவந்து நிரப்புகிறார்கள். அதுவரை இரண்டும் ஒரே விகிதத்தில் இருக்கும். சமையலறையை மூடிவிட்டால்? மட்டன் வேகமாகக் காலியாகும், சோறு நிதானமாகக் காலியாகும். தாமதமாக வருகிறவன் மிச்சத்தைப் பார்த்தே சமையலறை எப்போது மூடியது என்று சொல்லிவிடலாம்.

தரையில் கிடக்கிற குவார்ட்ஸ் மணிகளுக்குள் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் இப்படித்தான் அலுமினியம்-26ஐயும் பெரிலியம்-10ஐயும் நிரப்பிக்கொண்டே இருக்கின்றன. மணல் ஆழமாகப் புதைந்ததும் சமையலறை மூடிவிடுகிறது. அலுமினியம்தான் மட்டன், சீக்கிரம் சிதைகிறது. பெரிலியம் சோறு. இரண்டையும் எண்ணினால் மணல் எப்போது புதைந்தது என்று தெரியும். ஆழம் போதவில்லை என்றால் பின்வாசல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சம் சாப்பாடு வந்துகொண்டே இருக்கும், கணக்கு குழம்பும். அதனால்தான் நம் ஆட்களுக்கு ஆழம் என்றால் அப்படி ஒரு பைத்தியம்.

நம் சிங்கப்பூரில் ஆழமாக யார் தோண்டுவார்கள்? கட்டுமானக்காரர்கள்தான். கிழக்கே பிடோக்கில் ஒரு பெரிய குழி தோண்டினார்கள். அந்தப் பக்கத்துத் தரைக்கு அடியில் பழைய ஆறு ஒன்று கொட்டிவிட்டுப் போன வண்டல் இருக்கிறது. அதன் வயதைக் கண்டுபிடிப்பதுதான் மலர்விழியின் ஆய்வு. எங்கள் ஆய்வகத்து மாணவி. தோ பாயோவில் என் வீட்டுக்கு இரண்டு புளோக் தள்ளித்தான் இருந்தாள், அதனால் நான் அங்கிள். குழியின் அடிமட்டம் வெள்ளிக்கிழமை ஒரே ஒரு மதியம் திறந்திருக்கும், மறுநாள் கான்கிரீட் போட்டுவிடுவோம் என்று தள மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். மேல் அடுக்கு மூட்டைகள் முன்கூட்டியே வேனில் போய்விட்டன. கடைசியாக வந்தது அடிமட்டத்து மூட்டை, சிறு கூழாங்கல் கலந்த மணல். மாதிரிப் பைகள் தீர்ந்துபோயிருந்ததால் பிளாஸ்டிக்கில் கட்டி ஓர் அரிசிச் சாக்கில் போட்டிருந்தோம். வேலைக்குத் தேவையான ஆழம் அதற்கு மட்டும்தான் இருந்தது. இந்த அணுக்களை எண்ணித் தருகிற வெளிநாட்டுத் துகள் முடுக்கி ஒன்றில் எங்களுக்கு ஒரு தேதி கிடைத்திருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான்; அதற்குள் மலரின் உதவித்தொகை முடிந்துவிடும்.

மலர் குழியில் நின்று அடுக்குகளை அளந்து முடிக்க வேண்டியிருந்தது. "அங்கிள், டாக்சியில ஸ்ட்ரெய்ட்டா லேப்புக்குத்தானே போறீங்க?" என்று மேலே பார்த்துக் கத்தினாள்.

"ஸ்ட்ரெய்ட்தான்லா!" என்று நானும் கத்தினேன்.

தேக்காவும் ஒரு வகையில் ஸ்ட்ரெய்ட்தான், பசித்திருக்கிறவனுக்கு.

பிரியாணிக் கடைக்குள் சேறு படிந்த சாக்கை எடுத்துப்போக எனக்கே கூச்சமாக இருந்தது. பக்கத்து வரிசையில் பாய் கடை. பாய் என்றால் எனக்கு வெகுநாள் பழக்கம். நாகூர்க்காரர்களின் வம்சம், கடலையும் பருப்பும் வறுத்து விற்கிற குடும்பம். மெஷினில் வறுப்பது அவருக்குப் பிடிக்காது. பெரிய இரும்புச் சட்டியில் மணலைச் சூடாக்கி, அதில் கடலையைப் போட்டுப் புரட்டி, சலித்து எடுப்பார். நான் மணல் ஆராய்ச்சிக்காரன் என்று தெரிந்த நாளிலிருந்து ஒரே பல்லவி: "சார், என் மணல் தேஞ்சு மாவாயிடுச்சு. உங்ககிட்ட நல்ல மணல் இருந்தா கொண்டாந்து குடுங்களேன்." நானும் போகும்போதெல்லாம் "அடுத்த வாட்டி பாய், சிங்கப்பூர்லயே உசத்தியான மணல்" என்று சொல்லிவிட்டு ஒரு பொட்டலம் கடலையை ஓசியில் கொறித்துக்கொண்டு போவேன். வருஷக்கணக்காக இந்த நாடகம் நடந்தது.

அன்றைக்கு அவர் கடை வாசலில் சாக்கை இறக்கி வைத்தேன். பாய் எட்டிப் பார்த்தார். "என்ன சார், மணலா?"

"சாதாரண மணல் இல்ல பாய். முழுக்க முழுக்க குவார்ட்ஸ். தங்கம் மாதிரி. பத்திரம்!" என்று சொல்லிவிட்டு பிரியாணிக்குப் போனேன்.

சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போது என் பேருந்து நிறுத்தத்திலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. அந்த வயதில், அந்த வயிற்றோடு, நான் ஓடினேன். ஓட்டுநர் பாவப்பட்டு கதவைத் திறந்தார். பேருந்தைப் பிடித்துவிட்டேன் என்ற பெருமையில் எனக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் அந்த ஓட்டத்தை இரண்டு தடவை விவரித்தேன்.

திங்கட்கிழமை காலை மலர் வந்து கேட்டாள். "அங்கிள், பாட்டம் சாம்பிள் எங்க?"

"வேன்ல இருக்கும், பாரு."

"வேன் அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. நீங்கதான் தூக்கிட்டுப் போனீங்க."

"அப்போ அமில அறைக்குப் பக்கத்துல..."

"பாத்துட்டேன்."

"படிக்கட்டுக்கு அடியில..."

"அங்கிள்." அவள் குரல் மெதுவாக வந்தது. "வெள்ளிக்கிழமை என்ன சாப்பிட்டீங்க?"

அந்தப் பெண்ணுக்குப் பட்டம் கொடுத்தது தப்பே இல்லை. எந்த இடத்தில் தோண்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

தேக்காவுக்கு டாக்சியில் போகும்போதே அவள் குழிக்குப் போன் போட்டாள். சனிக்கிழமையே கான்கிரீட் போட்டாயிற்று. இறுகவும் ஆரம்பித்துவிட்டதாம். மேற்பார்வையாளர் பெருமையாகச் சொன்னாராம்.

பாய் எங்களைக் கண்டதும் எழுந்து வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்காக எழுந்ததே இல்லை. கையில் ஒரு பொட்டலம்.

"வாங்க மணல் சார்! இதைச் சாப்பிட்டுப் பாருங்க. உங்க மணல்ல வறுத்தது!"

என் கை தானாகப் போய் ஒரு கடலையை வாயில் போட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அருமையாக இருந்தது. எல்லாப் பக்கமும் ஒரே நிறம், கருகல் இல்லை. பின்னால் அடுப்பில் இரும்புச் சட்டி. அதில் மலரின் முனைவர் பட்டம் புகைந்துகொண்டிருந்தது.

"பாய், அது உங்களுக்கு இல்ல பாய்."

"என்னது?"

"அந்த மணல். பார்த்துக்கங்கன்னுதான் வச்சுட்டுப் போனேன்."

பாய் முகம் மாறியது. "சார், எத்தனை வருஷமா கொண்டாறேன் கொண்டாறேன்னீங்க. கொண்டாந்தீங்க. தங்கம்னீங்க. இப்போ குடுத்த பொருளைத் திருப்பிக் கேக்குறீங்க. நல்லாவா இருக்கு?"

அவர் பக்கம் நியாயம் இருந்தது. அதுதான் என்னை இன்னும் கோபப்படுத்தியது.

மலர் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவசரமாக ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன், இந்த இடத்தைக் கவனியுங்கள், ஏனென்றால் அந்த ஆறுதலில் நான் சொன்னது சரிதான். சூடு நமக்குப் பகை இல்லை. நம் அணுக்கள் குவார்ட்ஸுக்கு உள்ளே பூட்டிக் கிடக்கின்றன. கடலைச் சட்டியின் சூடு அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒளியை வைத்து மணலுக்குத் தேதி போடுகிற பக்கத்து ஆய்வகத்துக்காரர்களாக இருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பார்கள். அவர்கள் மணலைச் சிவப்பு விளக்கில்தான் தொடுவார்கள். எண்ணெய், உப்பு, கடலைத் தோல் எல்லாவற்றையும் நம் அமிலம் தின்றுவிடும்.

"அப்போ ஓகேவா அங்கிள்?" என்றாள் மலர். அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

"ஓகேதான்லா! வேற மணல் கலக்காத வரைக்கும்..." என்று சொல்லிவிட்டுச் சும்மா ஒரு மரியாதைக்குப் பாயிடம் திரும்பினேன். "பாய், இதுல வேற மணல் எதுவும் சேர்க்கலையே?"

பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. "சேர்க்காம? புது மணலை அப்படியே அடுப்புல ஏத்துவாங்களா? சாக்கை டப்பாவுல கொட்டி, எங்க அத்தா கொண்டாந்த நாகூர்க் கடற்கரை மணல்ல ஒரு சொம்பு போட்டு, நல்லாக் கலந்துதான் ஏத்துனேன். தயிருக்கு உறை ஊத்துறதில்லையா? அது மாதிரி. அத்தா மணல் இல்லாம எங்க கடையில அடுப்பே எரியாது."

பெரிய டப்பா ஓரத்தில் இருந்தது. முழுச் சாக்கும் அதில். ஒரு பிடிகூடத் தனியாக இல்லை.

பாயின் அப்பா கொண்டுவந்த கடற்கரை மணல் என்றால் வெயிலில் கிடந்த மணல். கதிர்கள் நிரப்பி நிரப்பி வைத்த மணல். என் கல்யாண மேசைக்கு யாரோ ஓர் அத்தை புதுத் தட்டு மட்டனைக் கொண்டுவந்து கொட்டிவிட்டாள்; மலரிடம் அப்படித்தான் முனகினேன். சமையலறை எப்போது மூடியது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இப்போது என் முட்டாள்தனத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகம் மறதி. அது யாருக்கும் வரும். இரண்டாவதை நான் யோசித்தே செய்தேன். மலரைக் கடைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய், பூக்கடை ஓரமாக நிறுத்தி, தாழ்ந்த குரலில் சொன்னேன்: "ஒரு சொம்புதானே மலர். அவ்வளவு பெரிய மூட்டையில ஒரு சொம்பு. பிழை வரம்புக்குள்ளயே அடங்கிடும். எண்ணிப் பார்ப்போம். வர்றது வரட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். "அங்கிள், மட்டன் தட்டை வச்ச அத்தை யாருன்னே தெரிஞ்சுபோச்சு. இனிமே தெரியாத மாதிரி எப்படி எண்ணுறது?"

என் உதாரணத்தாலேயே என்னை அடித்தாள். பூக்கடைக்காரர் எங்களைப் பார்த்து, ஏதோ குடும்பத் தகராறு என்று நினைத்து, நாகரிகமாகத் திரும்பிக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் ஆய்வகத் தலைவிக்குப் போன் போட்டேன். நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. உங்களுக்கு முன்பே போய்விட்டார். சீனப் பெண்மணி, குள்ளம், பேச்சில் மகா சிக்கனம். எனக்குத் தொழில் தெரியும் என்றால் அதில் பாதி அவர் பேசாமல் விட்டதிலிருந்து கற்றது. நான் ஆரம்பத்திலிருந்து ஒப்பிக்கத் தொடங்கினேன்: பிரியாணி, பேருந்து, சட்டி, சொம்பு, நாகூர். நடுவில் நிறுத்தினார். ஆங்கிலத்தில் அவர் சொன்னது தமிழில் இப்படி வரும்: "எவ்வளவு கெட்டுப்போச்சுன்னு சொல்லாதே. எது கெடலைன்னு கண்டுபிடி." வைத்துவிட்டார்.

என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் காசுக்குப் பெறுமானமானது அது ஒன்றுதான், பிள்ளைகளே. நெருக்கடியில் நம் மூளை சேதத்தை அளப்பதிலேயே உட்கார்ந்துவிடும். அளந்து முடிப்பதற்குள் மிச்சமிருந்ததும் போய்விடும்.

திரும்பப் போய், பாயிடம் முதலிலிருந்து கேட்டோம். சாக்கைப் பிரித்ததும் முதல் காரியமாக என்ன செய்தீர்கள்?

"சலிச்சேன்."

"ஏன்?"

"என்ன சார் கேள்வி? ஒரே கல்லு. கடலையோட கல்லு போச்சுன்னா கஸ்டமர் பல்லு போயிடும். நீங்க தங்கம்னு குடுத்தீங்க, பாதி கூழாங்கல்லு. மரியாதைக்காக நான் சொல்லல."

மலர் அவர் கையைப் பிடிக்காத குறை. "சலிச்சது அத்தா மணலைக் கலக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி மா. கல்லோட யாராவது கலப்பாங்களா?"

"அந்தக் கல்லெல்லாம் எங்க?"

பாய் யோசித்தார். "மருமவ கேட்டா. மீன் தொட்டிக்கு."

மருமகள் வீடு பாசிர் ரிஸில். உடனே ரயிலைப் பிடித்தோம். கூழாங்கல் என்றால் மணலைவிட நல்லது. ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகத் தேதி போடலாம், ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சொன்னால் கெட்டுவிடுமோ என்று பயந்து இரண்டு பேரும் கதவுக்கு மேலே இருந்த விளம்பரத்தையே படித்துக்கொண்டு போனோம்.

பாயின் மருமகள் ஷமீமா கதவைத் திறந்தார். வரவேற்பறையில் சோபாவைவிட நீளமான தொட்டி. அதில் ஓர் அரோவானா மீன், செதிலெல்லாம் தகதகவென்று, வட்டிக்கடை முதலாளி மாதிரி நிதானமாக இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. பெயர் சுல்தான். அடியில் ஊதாவும் நீலமுமாகக் கடையில் வாங்கிய கண்ணாடிக் கற்கள். அவற்றுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக எங்கள் பிடோக் கூழாங்கற்கள். கண்ணாடியோடு கலந்திருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடலாம். நான் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தேன்.

"எடுக்க முடியாது சார்," என்றார் ஷமீமா.

"ஏம்மா?"

"சுல்தான் ஒரு வாரமா சாப்பிடாமலே கிடந்துச்சு. டாக்டர்கிட்டகூடக் காட்டியாச்சு. சனிக்கிழமை மாமா இந்தக் கல்லைக் கொண்டாந்து போட்டாங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டு இறால் சாப்பிட்டுச்சு. கல்லை எடுத்து, அது திரும்பப் பட்டினி கிடந்தா யார் பதில் சொல்றது?"

"அக்கா," என்றாள் மலர், "என் பிஎச்டி அக்கா."

"எனக்குப் புரியுது மா. சுல்தானுக்குப் புரியணுமே."

வெள்ளைக் கல் வேறு வாங்கித் தருகிறோம் என்றேன். மார்பிள் போட்டால் தண்ணீர் கெட்டுவிடும், அதுவும் தெரியாதா என்று கேட்டார். தெரியும்; அவசரத்தில் மறந்துவிட்டேன். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது: எடுக்கிற ஒவ்வொரு கல்லுக்கும் பதிலாக அதே மாதிரி ஒரு குவார்ட்ஸ் கல் வைக்க வேண்டும். அந்த மாதிரிக் கற்கள் என் வீட்டு அலமாரியில் இருந்தன. பணிக்காலம் முழுக்க ஊர் ஊராகப் பொறுக்கி வந்து சேர்த்தவை. மனைவிக்குப் போன் போட்டு, டாக்சியில் அனுப்பச் சொன்னேன். "மீன் தொட்டிக்கா? ஒண்ணு விடாம அனுப்புறேன்," என்றாள். அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூடக் கேட்டதில்லை.

தொட்டிக்குள் கை விடுகிற வேலை எனக்கு. நியாயம்தான். மலர் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து விரலால் காட்டினாள்: "அது. அதுக்குப் பக்கத்துல. இல்ல, அது வேற ஏதோ... அது கல்லே இல்ல அங்கிள்." ஷமீமா கையில் மூடியோடு, மீன் குதித்தால் பிடிக்கத் தயாராக நின்றார். சுல்தான் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு என் முழங்கைக்கு மேலே கடித்தது. காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியில் இதுவரை மீன் கடிபட்டவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள், சங்கம் ஆரம்பிக்கலாம்.

வெள்ளைக் கற்கள் எல்லாம் கிடைத்தன. என் சேகரிப்பு தொட்டிக்குள் போனது. நாங்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே சுல்தான் ஓர் இறாலை விழுங்கியது. ஷமீமா எங்களைத் திரும்ப உள்ளே அழைத்துத் தேநீர் போட்டுத் தந்தார்.

பிறகு ஆய்வு அறிக்கை. மாதிரி எப்படிக் கையாளப்பட்டது என்ற பத்தியை எழுதுகிற பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். 'மாதிரி சிறிது காலம் வேறோர் இடத்தில் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். தலைவி பென்சிலால் ஓரத்தில் 'எந்த இடம்?' என்று எழுதித் திருப்பினார். 'ஒரு வணிக நிறுவனம்' என்று திருத்தினேன். 'என்ன வணிகம்?' என்று வந்தது. 'உணவு சார்ந்த' என்றேன். பென்சில் நுனி உடைகிற அளவுக்கு ஒரு கேள்விக்குறி வந்தது. கடைசியில் கடலை, சட்டி, சொம்பு, நாகூர், அரோவானா எல்லாம் எழுதினேன். அதைப் படித்துவிட்டு மேலே ஒரு சரி குறி போட்டார்.

மாதிரி போன இடமெல்லாம் எழுதுங்கள், பிள்ளைகளே. சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவன் அந்தக் கணக்கைச் சரிபார்க்க முடியும்.

துகள் முடுக்கிக்கு உரிய நேரத்தில் அனுப்பினோம். கற்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. புதைந்த காலம் தெளிவாக வந்தது. மலரின் பிடிவாதத்தில் பாயிடம் ஒரு கிண்ணம் சட்டி மணலும் கேட்டு வாங்கி அனுப்பியிருந்தோம். பாய் அளந்துதான் கொடுத்தார். அது கற்களைவிட நன்றாகவே இளமையாக வந்தது. அந்த ஒரு சொம்புக்கு அவ்வளவு வேலை. பூக்கடை ஓரத்தில் நான் சொன்னதைக் கேட்டிருந்தால், பிடோக்கின் அடிமண்ணுக்கு நாகூர்க் கடற்கரையின் வெயிலையும் சேர்த்து வயது போட்டிருப்போம், யாருக்கும் தெரியாமலே.

மலர் வாய்மொழித் தேர்வில் ஜெயித்தாள். பைண்டு செய்த ஆய்வேடு ஒன்றை எனக்குக் கொடுத்தாள். நாம் எல்லாரும் முதலில் புரட்டுகிற பக்கம் எது என்று உங்களுக்கே தெரியும். நன்றியுரை. தலைவிக்கு நன்றி. பெற்றோருக்கு நன்றி. பாய்க்கு நன்றி. ஷமீமா அக்காவுக்கு நன்றி. சுல்தானுக்குத் தனியாக ஒரு வரி. என் மனைவிக்கு, கற்களை ஒன்று விடாமல் அனுப்பியதற்காக. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படித்தேன். நான் இல்லை.

"ஏம்மா," என்று கேட்டேன், "நான் அந்த மூட்டையை அங்க விட்டுட்டு வரலைன்னா உனக்குக் கூழாங்கல்லை எண்ணணும்னு தோணியிருக்குமா? என்னாலதானே இவ்வளவு நல்ல முடிவு வந்துச்சு? கடிச்ச மீனுக்கெல்லாம் நன்றி சொல்லியிருக்க. என் பேரு எங்க?"

மலர் பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"பிழைகள் பகுதியில இருக்கு அங்கிள்."